அக்கா மகளுக்கு ஒரு ஜோடி ஷூ

பேரணாம்பட்டில் காலை ஐந்து மணிக்கு எழுந்து பள்ளி மைதானத்துப் பக்கம் போனால், இப்போதெல்லாம் பத்துப் பதினைந்து பிள்ளைகளாவது ஓடிக்கொண்டிருப்பார்கள். பாதிப் பேர் போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிறவர்கள். ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், பெண்களுக்கு 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள். அக்கா மகளும் அதற்குத்தான் ஓடுகிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், டீயைக் கையில் வாங்கியதும் கேட்டாள். "மாமா, நீங்க ஷூ கம்பெனியிலதானே இருக்கீங்க, அஞ்சாயிரத்துக்குள்ள நல்ல ரன்னிங் ஷூ ஒண்ணு சொல்லுங்க. தினமும் ஓடறதுக்கு, ஒரே ஜோடிதான், எல்லாத்துக்கும் அதுவே ஆகணும்."

ஒரு பெயரைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை. அவளிடம் சொன்னதையும், அப்புறம் இருவரும் வேலூர் போய் வாங்கி வந்த கதையையும் இங்கே எழுதுகிறேன், இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் ஆகட்டும்.

நான் ஆம்பூரில் ஒரு கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறேன். நாங்கள் செய்வது ஐரோப்பாவுக்குப் போகும் தோல் ஷூ, ரன்னிங் ஷூ இல்லை (ஸ்போர்ட்ஸ் ஷூ செய்கிற பெரிய ஆலை நமக்குப் பக்கத்தில் என்றால் செய்யாறு சிப்காட்டில் இருக்கிறது). ஆனால் எந்த ஷூவானாலும் அது பிறக்கிற இடம் ஒன்றுதான், லாஸ்ட். கால் வடிவத்தில் இருக்கும் அச்சு. முன்னே மரத்தில் இருந்தது, இப்போது பிளாஸ்டிக். தோல் ஷூவில் அப்பரை, அதாவது காலை மூடும் மேல்பகுதியை, அந்த லாஸ்ட் மேல் போட்டு இழுத்து, கீழே மடக்கி ஒட்டுவோம். ரன்னிங் ஷூவில் பெரும்பாலும் அப்பரின் அடியில் ஒரு துணியைத் தைத்து சாக்ஸ் மாதிரி ஆக்கி, அதற்குள் லாஸ்டை நுழைத்து, அப்புறம் சோலை (அடிப்பகுதியை) ஒட்டுவார்கள். எப்படிச் செய்தாலும் உள்ளே இருக்கும் வெற்றிடம் அந்த லாஸ்டின் வடிவம்தான். விளம்பரத்தில் வரும் ஃபோம், ஜெல், காற்றுப் பை எல்லாம் அதற்குக் கீழே வருகிற சமாச்சாரம். லாஸ்ட் உன் கால் மாதிரி இல்லையென்றால் கீழே எவ்வளவு மெத்தை இருந்தும் பயன் இல்லை. இதைத்தான் அவளிடம் முதலில் சொன்னேன், கடைசி வரைக்கும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வாங்கியதை நம் பெரியவர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள், ஷூவே தேவையில்லை என்பதற்கு. அங்கே கிடைத்த ஷூ அவர் காலுக்குச் சரியாகப் பொருந்தவில்லை, அதனால்தான் வெறுங்காலில் ஓடினார். நான்கு வருஷம் கழித்து டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி மறுபடியும் தங்கம் வாங்கினார். பொருந்தாத ஷூவைவிட வெறுங்கால் மேல், பொருந்திய ஷூ கிடைத்தால் அதைப் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

என் சொந்தப் பாடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன் நான் ஓட ஆரம்பித்தபோது ஒரு பெரிய கடையில் நல்ல விலை கொடுத்து வாங்கினேன். போட்டு நடந்து பார்த்தபோது பஞ்சு மெத்தை மேல் நிற்கிற மாதிரி இருந்தது. விற்பவர் "ஸ்னக்கா இருக்கணும் சார், போகப் போக லூஸ் ஆகிடும்" என்றார், நானும் சரி என்று வாங்கிவிட்டேன். ஆந்திரப் பக்கம் வி.கோட்டா போகும் மலைப்பாதையில் ஏறி இறங்கிய மூன்றாவது வாரம் இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்துப் போயின. இறக்கத்தில் கால் முன்னால் சறுக்கி ஒவ்வொரு அடிக்கும் விரல் நுனி மோதியிருக்கிறது. ஒரு நகம் விழுந்து திரும்ப முளைக்க ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. தோல் ஷூ போகப் போகக் காலுக்கு இடம் கொடுக்கும், அது உண்மை. ரன்னிங் ஷூவின் வலைத்துணி அப்படி விரியாது, நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட அதிகமாகாது. லாஸ்டிங்கில் நிற்கிறவன், எனக்கே அது அன்றைக்குத் தோன்றவில்லை என்பது இன்னும் வருத்தம்தான்.

அதனால் அன்று மாலையே அவளைச் சுவரோரம் நிற்க வைத்து அளந்தேன். மாலையில் அளப்பது முக்கியம், பகல் முழுக்க நின்று நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஏ4 தாளைத் தரையில் போட்டு, குதிகால் சுவரில் படும்படி முழு எடையோடு நிற்க வேண்டும். எந்த விரல் நீளமோ அதன் நுனியில் பென்சிலால் கோடு. சிலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாவது விரல் நீளமாக இருக்கும், அவளுக்கு அப்படித்தான். இடது கால் 23.7 சென்டிமீட்டர், வலது 23.9. பெரிய காலைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஷூவுக்குள் விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலியாக இருக்க வேண்டும்.

சரி, அது எந்த நம்பர்? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இங்கிலாந்து அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடையே 8.47 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஐரோப்பிய அளவில், நாங்கள் பாரிஸ் பாயிண்ட் என்று சொல்வது, ஒரு நம்பருக்கு 6.67 மில்லிமீட்டர். இரண்டும் ஒன்றோடொன்று நேராக உட்காராது, ஒவ்வொரு பிராண்டும் தனக்குத் தோன்றிய மாதிரி பொருத்திக்கொள்கிறது. ஆண்களுக்கான யூ.கே. 8 நைக்கியில் 27 சென்டிமீட்டர், அடிடாஸில் 26.5. நம்பர் ஒன்றுதான், உள்ளே அரை சென்டிமீட்டர் வித்தியாசம், என் நகம் விழுவதற்கு அது போதும். அதனால் ஷூ நாக்கின் (லேஸுக்கு அடியில் இருக்கும் பட்டை) உள்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளில் யூ.கே., யூ.எஸ்., ஈ.யூ. எல்லாவற்றையும் விட்டுவிட்டு சென்டிமீட்டர் என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள், சில பிராண்டில் ஜே.பி. (ஜப்பான் அளவு) என்று இருக்கும். அது எந்த நீளமுள்ள காலுக்கு அந்த ஷூ என்று சொல்கிறது. ஓடுவதற்கு என்றால் உங்கள் கால் அளவைவிட அரை சென்டிமீட்டரோ கொஞ்சம் கூடவோ இருப்பதிலிருந்து போட்டுப் பார்க்கத் தொடங்கலாம்.

நீளம் ஒரு பக்கம், அகலம் இன்னொரு பக்கம். நம் ஊரில் பெரும்பாலோர் சின்ன வயதில் செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்தவர்கள், விரல்கள் விரிந்திருக்கும். ஷூவுக்குள் சுண்டுவிரல் நசுங்கினால் ஒரு நம்பர் பெரிதாக வாங்குவார்கள், அப்போது குதிகால் கழன்று வரும். அதற்குப் பதில் அதே நீளத்தில் அகல லாஸ்டில் செய்தது இருக்கிறதா என்று கேட்கலாம். ஆண்களுக்குச் சாதாரண அகலம் டி, அதற்கு மேல் 2ஈ, 4ஈ. பெண்களுக்குச் சாதாரண அகலம் பி, அவர்களுக்கான லாஸ்டில் முன்பக்கத்தோடு ஒப்பிட்டால் குதிகால் பகுதி ஒடுக்கமாக இருக்கும். சின்ன ஊர்க் கடைகளில் பெண்பிள்ளை போய்க் கேட்டால் ஆண்கள் ஷூவில் சின்ன நம்பரை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். இவளுடைய பழைய ஷூ அப்படி வாங்கியதுதான், இரண்டு குதிகாலிலும் கொப்புளத் தழும்பு. தினமும் அதிலேயே ஓடியிருக்கிறாள், யாரிடமும் சொல்லவில்லை.

இனி மெத்தைக்கு வருகிறேன். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு தரையில் இறங்குகிறது, ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரம் அடிக்கு மேல். சோலுக்கும் காலுக்கும் நடுவே இருக்கும் மிட்சோல் அதை வாங்கிக்கொள்கிறது. அதிகம் பயன்படுவது ஈ.வி.ஏ. என்கிற ஃபோம், விலை குறைவு, எடை குறைவு. 2013இல் அடிடாஸ் பூஸ்ட் என்று டி.பி.யூ. என்கிற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக் மணிகளை உருக்கிச் சேர்த்த ஃபோமைக் கொண்டுவந்தது, நீடித்து உழைக்கும், ஆனால் கனம். 2017க்குப் பிறகு பந்தய ஷூக்களில் பீபா என்கிற லேசான, துள்ளல் கூடிய ஃபோமும் கார்பன் தகடும் சேர்ந்து வர ஆரம்பித்தன. சாலைப் போட்டிகளுக்கு மிட்சோல் உயரம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று உலக தடகள அமைப்பு விதி வைக்கும் அளவுக்கு அது போனது. அந்த ஷூவை அவள் வாங்கவே வேண்டாம் என்றேன். அது பந்தய நாளுக்கானது, தினசரிப் பயிற்சியில் சீக்கிரம் தேயும், மெதுவாக ஓடும்போது நிலை கொள்ளாது.

மெத்தை வேண்டுமா, வேண்டாமா என்பதில் பல வருஷமாக இரண்டு கட்சி உண்டு. லக்சம்பர்கில் 848 பேருக்கு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஷூவில் சிலருக்கு மெத்தையானதும் சிலருக்குக் கடினமானதும் கொடுத்து ஆறு மாதம் கவனித்தார்கள், 2020இல் முடிவு வெளியானது. கடினமானது போட்டவர்களுக்குத்தான் காயம் கூடுதல். கனமான ஆளுக்குத்தான் மெத்தை வேண்டும் என்று நாம் நினைத்திருப்போம், அங்கே பார்த்ததில் எடை குறைந்தவர்களுக்குத்தான் மெத்தையால் பலன் தெரிந்திருக்கிறது. இவள் 48 கிலோ. "நான் ஒல்லியா இருக்கேன், எனக்கு எதுக்கு மாமா மெத்தை" என்று கேட்டவளிடம் இதைத்தான் சொன்னேன்.

அதற்காக அதிகம் குழையும் ஷூவும் ஆகாது. நம் ரோட்டை நினைத்துப் பாருங்கள். வி.கோட்டாவிலிருந்து தக்காளி லாரி இறங்கி வரும்போது தாரை விட்டு ஓரத்துக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். ஓரம் உடைந்திருக்கும், ஜல்லி கிடக்கும். உயரமும் குழைவும் கூடி அடிப்பகுதி ஒடுக்கமாக இருந்தால் அங்கே கணுக்கால் மடங்கிவிடும். அதனால் குதிகால் பக்கம் சோல் அகலமாக, காலை இரண்டு பக்கமும் கொஞ்சம் ஏந்திப் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். மழைக்காலத்துக்கு அடியில் ரப்பர் வேண்டும். சில ஷூவில் எடை குறைக்க ஃபோமையே அடியில் விட்டிருப்பார்கள், அது செம்மண்ணிலும் ஈரத் தாரிலும் வழுக்கும், சீக்கிரம் தேயும். (மலைப்பாதைப் பக்கம் ஓடுகிற பிள்ளைகளுக்கு இன்னொன்று. நன்றாக விடிந்த பிறகு போங்கள், தனியாகப் போகாதீர்கள். யானை இறங்குகிற காடு அது.)

குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையே உள்ள உயர வித்தியாசத்தை ட்ராப் என்பார்கள். 8 முதல் 10 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலோருக்குச் சங்கடம் இருக்காது. 4க்குக் கீழே போனால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் கூடுதலாக உழைக்க வேண்டும், பழக மாதக்கணக்கில் ஆகும், செலக்‌ஷன் நெருங்கும் நேரத்தில் அந்தப் பரிசோதனை வேண்டாம்.

தட்டைப் பாதமா என்று பார்த்து அதற்கேற்ற ஷூ கொடுப்பதும் கடைகளில் உண்டு. அமெரிக்க ராணுவத்தில் பயிற்சி பெறுகிறவர்களிடம் பாத வளைவைப் பார்த்து ஷூ ஒதுக்கிப் பார்த்ததில் காயம் குறையவில்லை. கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக்கும் அவர் குழுவினரும் 2015இல் எழுதிய கட்டுரையில், ஓடுகிறவர் தனக்கு எது சௌகரியமாக இருக்கிறதோ அதையே எடுப்பது நல்ல வழிகாட்டி என்று வாதிட்டார்கள். எனக்கு அது சரியென்று படுகிறது, ஏனென்றால் லாஸ்ட் பொருந்தியிருப்பது காலுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் உட்கார்ந்து போட்டுப் பார்க்கும் சௌகரியம் வேறு, ஓடிப் பார்க்கும் சௌகரியம் வேறு. எனக்கு அன்று கிடைத்த பஞ்சு மெத்தை முதல் வகை.

வேலூருக்கு மாலை நேரமாகப் பார்த்துக் கிளம்பினோம், குடியாத்தம் வழியாக பஸ்ஸில். அவள் ஓடும்போது போடுகிற சாக்ஸையே எடுத்து வரச் சொல்லியிருந்தேன். கடையில் எங்கள் கம்பெனியில் செக்கிங் மேசையில் பார்ப்பதையெல்லாம் பார்த்தேன். ஜோடியைச் சமதளத்தில் வைத்துப் பின்னால் இருந்து பார்க்க வேண்டும், இரண்டும் நேராக நிற்கின்றனவா, ஒன்று உள்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று. அப்பரும் சோலும் சேரும் இடத்தில் விரலை ஓட்டினால் பசை விட்ட இடம் தட்டுப்படும். முனையைப் பிடித்து வளைத்தால் விரல்கள் மடங்குகிற இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வேண்டாம். குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் பின்பகுதிக் கோப்பையைப் பக்கவாட்டில் அழுத்தினால் கொஞ்சம் எதிர்க்க வேண்டும். எடை ஒரு ஷூ 250 முதல் 300 கிராமுக்குள் இருந்தால் தினசரிக்குப் போதும்.

பெயர்களைக் கேட்பவர்களுக்கு. எல்லா வேலைக்கும் ஒரே ஜோடி என்றால் நைக்கி பெகாசஸ், ஆசிக்ஸ் ஜெல் கியூமுலஸ், ஆசிக்ஸ் நோவாபிளாஸ்ட், புரூக்ஸ் கோஸ்ட், சாக்கனி ரைடு, நியூ பேலன்ஸ் 880, ஹோகா கிளிஃப்டன், இந்த வரிசையில்தான் தேட வேண்டும். பெகாசஸ் 1983இலிருந்து வருகிறது, நடுத்தர மெத்தைக்கு அதுவே ஓர் அளவுகோல் மாதிரி ஆகிவிட்டது. நோவாபிளாஸ்ட் துள்ளல் கூடுதல், கியூமுலஸ் அமைதியானது. இவற்றின் புதிய பதிப்பு நம் ஊரில் பத்தாயிரத்தை ஒட்டியோ தாண்டியோ நிற்கும், ஆனால் அடுத்த பதிப்பு வந்ததும் போன வருஷத்து ஷூ நன்றாக விலை குறையும். அதே பிராண்டின் ஆரம்பநிலை மாடலைப் புதிதாக வாங்குவதைவிட, நடுத்தர மாடலின் பழைய பதிப்பை வாங்குவதே என் தேர்வு. ஒன்று கவனிக்க வேண்டும், பதிப்பு மாறினால் பொருத்தமும் மாறலாம், போனமுறை சரியாக இருந்தது என்று போடாமல் வாங்கக் கூடாது.

அவள் நான்கு ஜோடி போட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் கடை வாசலுக்கு வெளியே சின்ன ஓட்டம். மூன்றாவதைப் போட்டு ஓடி வந்தபோது முகத்திலேயே தெரிந்தது. கியூமுலஸின் முந்தைய பதிப்பு, பெண்களுக்கானது, 24.5 சென்டிமீட்டர், யூ.கே. 5.5. அவள் செருப்பு 5 நம்பர்தான். 6,800 ரூபாய் ஆனது, ஐந்தாயிரத்துக்கு மேல் போனதை நான் போட்டேன். அக்கா போனில் "ஒரு ஷூவுக்கு இவ்வளவா" என்றாள். ரன்னிங் ஷூ பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். 680 கிலோமீட்டர் என்று வைத்தால் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய். வாரம் 30 கிலோமீட்டர் ஓடினால் ஐந்து மாதத்துக்கு வரும், அவள் செலக்‌ஷனைத் தாண்டிவிடும். அக்கா அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

பராமரிப்பில் ஒன்றே ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னேன், மொட்டை மாடி வெயிலில் காய வைக்காதே. நாங்கள் சோலை ஒட்டுவதே பசையைச் சூட்டில் உயிர்ப்பித்துத்தான், அதே சூடு அதைப் பிரிக்கவும் செய்யும், ஃபோமும் சுருங்கும். வேலூர் மாவட்டத்து மே மாத வெயிலுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. நனைந்தால் இன்சோலை (உள்ளே கால் படும் மெல்லிய மெத்தையை) வெளியே எடுத்து, உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, நிழலில் ஃபேன் காற்றில் வைத்தால் மறுநாள் காலைக்குக் காய்ந்துவிடும். முடிந்தவர்கள் பழைய ஜோடி சாவதற்குள், 400 கிலோமீட்டர் வாக்கில் புதியதை வாங்கி இரண்டையும் மாற்றி மாற்றிப் போடலாம். லக்சம்பர்கிலேயே 264 பேரை 22 வாரம் கவனித்த இன்னொரு ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடியை மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் 39 சதவீதம் குறைவாக இருந்தது. அவளுடைய பழைய ஷூ அதற்குக்கூட லாயக்கில்லை, எடுத்துப் போட்டுவிட்டோம்.

நாக்கின் உள்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் வாங்கிய தேதியை எழுதி வைத்தேன். ஓடிய தூரத்தை அவள் வீட்டுச் சுவர் காலண்டரில் குறிக்கிறாள். மேலே கடைசியாகத் தனியாக இருக்கும் ஓட்டையில் லேஸை அதே பக்கம் நுழைத்து ஒரு வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்துக் கட்டினால் குதிகால் நழுவாது, இறக்கத்தில் விரலும் மோதாது. அதையும் காட்டிக் கொடுத்திருந்தேன். நேற்று ராத்திரி போன் செய்தாள். 96 கிலோமீட்டர் ஆகிவிட்டதாம், கொப்புளம் இல்லை, நகம் சுத்தமாக இருக்கிறதாம். மைதானத்தில் இரண்டு பிள்ளைகள் அந்த லேஸ் கட்டைப் பார்த்துவிட்டு அவளைக் கேட்டிருக்கிறார்கள், தங்கள் காலையும் அளந்து தர முடியுமா என்று. ஞாயிறு சாயங்காலம் ஏ4 தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.